வில்லுக்கு முடி கட்டுகிறவள்

முதல் எட்டு மாதம் மாஸ்டர் என்னை வில்லைத் தொடவே விடவில்லை. முடியை மட்டும் கொடுத்தார். வெள்ளைக் குதிரையின் வால் முடி, ஏறக்குறைய இரண்டு முழ நீளம், ஒரு முனையில் நூல் சுற்றிக் கட்டாக வரும். "பிரிச்சுப் பாரும்மா. சுருண்டது, மஞ்சள் ஏறினது, நடுவுல மெலிஞ்சது எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடு" என்பார். ஒரு வயலின் வில்லுக்கு 150 முதல் 200 முடி வேண்டும். நான் பொறுக்கி வைத்ததை அவர் மறுபடி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டை உருவிப் போடுவார். நான் பார்த்து நல்லது என்று வைத்தவை அவை. ஏன் போட்டார் என்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் முடியில் சிலது விரலுக்குத் தட்டை. நுனி நாக்கில் அரிசி மாவையும் மைதாவையும் பிரித்துச் சொல்வது போல, அதை விரல் நுனிதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறை நசரத்பேட்டையில் இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, வெளிவட்டச் சாலைப் பாலத்து லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கும் இடத்தில், மாடியில் ஒரே அறை. மாஸ்டர் முப்பது வருஷம் கோடம்பாக்கத்தில் இருந்தவர். சினிமா ரெக்கார்டிங்குக்குப் போகிற வயலின்காரர்கள் காலையில் வில்லைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்து வாங்கிக்கொண்டு போன காலம் அது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் வந்தபோது வாங்கிய கேசட்டை இன்னும் வைத்திருக்கிறார். அதில் வி. எஸ். நரசிம்மன் வாசிக்கும் வயலினைப் போட்டுக் காட்டி, "வில்லு திரும்புற இடம் கேக்குதா? கேக்கலைல்ல? அதான்" என்பார். வாடகை ஏற ஏற, வளசரவாக்கம், போரூர் என்று மேற்கே நகர்ந்து கடைசியில் இங்கே வந்துவிட்டார்.

என் அம்மா பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூ கட்டி விற்கிறாள். மாஸ்டர் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் பூ வாங்குவார். நான் பி.காம். முடித்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாஸ்டரும் கூட வந்தார். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பொண்ணு முடிச்சு இறுகுது, ஆனா காம்பு நசுங்கலை" என்று அக்காவிடம் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து நான் பட்டறையில் இருந்தேன்.

வேலையைச் சொல்கிறேன். வயலின் வில் சுமார் 60 கிராம் இருக்கும். முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். குச்சி உள்பக்கமாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் அதன் உயிர். இன்றைய வடிவத்தை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைநாட்டியவர் பாரிஸின் பிரான்சுவா டூர்ட். அவர் குச்சியை வளைவாகச் செதுக்காமல், நேராக வெட்டிச் சூடு காட்டி வளைத்தார். அதனால் மரத்தின் நார் முழு நீளமும் அறுபடாமல் ஓடுகிறது. நல்ல வில்லெல்லாம் பெர்னாம்புகோ என்ற பிரேசில் மரம். ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சக் கப்பல் கப்பலாக வெட்டிய மரம். இப்போது அழிவின் விளிம்பில் இருப்பதால் 2007-லிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எங்களிடம் வரும் வில்லில் பாதிக்கு மேல் அது இல்லை. மாஸ்டர் எந்த மரமாக இருந்தாலும் ஒரே மரியாதையோடுதான் எடுப்பார்.

குச்சியின் நுனித் தலையில் சின்னதாக ஒரு குழி. கைப்பிடிப் பக்கம் கருங்காலிக் கட்டையில் இன்னொரு குழி. அந்தக் கட்டையை வாசிப்பவர்கள் 'ஃப்ராக்' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம். முடிக் கட்டின் முனையை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் மேல் ரோஸின் பொடி தூவி, நெருப்பு காட்டினால் முடியின் நுனி கருகி மொட்டு மாதிரி விரியும். அப்புறம் முடிச்சு நழுவாது. அதைத் தலைக்குழியில் வைத்து மேலே ஒரு மர ஆப்பு. பசை கிடையாது. ஆப்பு தன் அளவிலேயே நிற்க வேண்டும். தளர்ந்தால் வாசிக்கும்போது தெறித்துவிடும். இறுக்கினால் தலை பிளந்துவிடும். பிறகு முடியை ஈரமாக்கி, சீப்பால் நுனியிலிருந்து அடிவரை வாரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நாடா மாதிரி படியவைத்து, மறுமுனையையும் அதேபோல் கட்டி ஃப்ராக்கில் இறக்க வேண்டும். வெள்ளி வளையத்துக்குள் கடைசியாக ஒரு மெல்லிய ஆப்பு போகும். முடியை அகலமாக விரித்துப் பிடிப்பது அதுதான்.

எல்லாவற்றிலும் கஷ்டம் நீளம். எங்கே இரண்டாவது முடிச்சைப் போடுவது? முடி ஈரக்காற்றில் நீளும், காய்ந்த காற்றில் சுருங்கும். முடியை இறுக்கவும் தளர்த்தவும் வில்லின் அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஃப்ராக் அரை அங்குலம் கூட நகராது. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் ஏசி அரங்கும் எல்லாம் அடங்க வேண்டும். மாஸ்டர் முடிச்சுப் போடும் முன் வானத்தைப் பார்க்க மாட்டார்; செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று கேட்பார். ஏரி எங்களுக்குப் பக்கம். முழுக் கொள்ளளவு 24 அடி. "இருபதைத் தாண்டிடுச்சா? அப்போ நூல் அளவு தள்ளிக் கட்டு" என்பார். நான் முதலில் இதை ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

போன கார்த்திகையில் அந்தக் கச்சேரி வந்தது. சர்ச் கொயருக்கு வாசிப்பவர்கள், பழைய ரெக்கார்டிங் கலைஞர்கள், இசைப்பள்ளி மாணவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு ஆர்கெஸ்ட்ரா. முதல் வயலின் பத்து, இரண்டாம் வயலின் எட்டு. நிகழ்ச்சியில் இரண்டே இரண்டு. முதல் பாதியில் மெண்டெல்சன் எழுதிய வயலின் கான்செர்ட்டோ. இரண்டாம் பாதியில் அதே மெண்டெல்சன் ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்துக்கு எழுதிய இசை. பதினெட்டு வில்லில் பதினொன்று எங்களிடம் முடி மாற்ற வந்தது. தனி வயலின் வாசிக்கும் பெண்ணின் வில் தனியாக வந்தது. அதை மாஸ்டரே செய்தார்.

"ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுதான்" என்று மாஸ்டர் சொன்னார். "ஆனா வில்லுக்கு ரெண்டும் வேற வேற வேலை. மொதல்ல ஒரு வில்லு, ஊரே பார்க்கும். அப்புறம் பதினெட்டு வில்லு, ஒண்ணு கூடத் தனியா தெரியக் கூடாது. உனக்கு ரெண்டாவதுதான் பரீட்சை."

வேலை நடந்த இரண்டு வாரமும் அந்த இரண்டையும் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். கான்செர்ட்டோவை மெண்டெல்சன் 1844-ல் முடித்திருக்கிறார். தன் நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிட் வாசிக்க எழுதியது. 1845 மார்ச் 13 அன்று லைப்சிக் நகரில் டேவிட் முதன்முதலாக வாசித்தார். மெண்டெல்சனுக்கு உடம்பு சரியில்லாததால் அன்று நடத்தியவர் நீல்ஸ் காடே. வழக்கமாக ஆர்கெஸ்ட்ரா நீளமாக வாசித்து முடித்த பிறகுதான் தனி வயலின் நுழையும். இதில் ஒன்றரை ஆவர்த்தம்கூட ஆகவில்லை, வயலின் மேலே ஏறிப் பாட ஆரம்பித்துவிடுகிறது. முதல் பகுதியின் நடுவே வயலின் தனியாக வாசிக்கும் இடம் வரும். அதன் முடிவில் வில்லைத் தந்தியில் போட்டால் அது தானாகத் துள்ள வேண்டும். நாலு தந்தியிலும் ஏறி இறங்கி, பந்து மாதிரி. அது துள்ளிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆர்கெஸ்ட்ரா தன் மெட்டோடு திரும்ப வந்து சேரும். வயலின் அப்போது கதாநாயகி இல்லை, பின்னணி.

அந்தத் துள்ளலை எந்தக் கையாலும் செய்துவிட முடியாது. கை விட வேண்டும், வில் செய்யும். முடி இறுக்கமாக இருந்தால் தெறிக்கும், தளர்ந்திருந்தால் தந்தியிலேயே படுத்துவிடும். ஒரு பக்க முடி மட்டும் இறுகியிருந்தால் கோணலாகத் துள்ளி அடுத்த தந்தியைத் தட்டும். சேதி இவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், எட்டு மாதம் நான் ஏன் முடி பொறுக்கினேன் என்பது எனக்குப் புரிந்தது.

நம் கச்சேரி வயலினுக்கு இந்தத் துள்ளல் வேண்டியதில்லை. அங்கே வில் தந்தியை விடாமல் ஒட்டிப் போக வேண்டும், குரல் போல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தைக் கற்றது இங்கே மணலியில்தான், ஒரு ஐரோப்பிய வயலின்காரரிடம். 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே வாத்தியம், ஒரே குதிரை முடி. உட்கார்ந்து வாசிக்கிறவர் வந்தால் மாஸ்டர் கொஞ்சம் கூடுதலாக முடி வைத்துக் கட்டுவார். நின்று வாசிக்கிறவர் வந்தால் அவர் முதலில் எதை வாசிக்கப் போகிறார் என்று கேட்பார்.

ஒத்திகைக்கு மூன்று நாள் முன்னால் மழை விடாமல் பெய்தது. அன்று நான் கட்டியது நாலு வில். ஏரி இருபத்தொரு அடி என்று காலையிலேயே செய்தியில் கேட்டிருந்தேன். ஆனால் வில் நாலையும் கையில் பிடித்துப் பார்த்தபோது முடி அளவாக இருப்பதாகத் தோன்றியது. தள்ளிக் கட்டினால் தொளதொளவென்று தொங்குமோ என்று பயந்து, அன்றைக்குச் சரியாக இருந்த நீளத்திலேயே முடிச்சைப் போட்டுவிட்டேன். மாஸ்டர் அன்று ஊரில் இல்லை.

ஒத்திகை நடந்த அரங்கில் காலையிலிருந்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு இரண்டாம் வயலினில் ஒரு பெரியவர் எழுந்து பின்பக்கம் வந்தார். "பாப்பா, இந்தத் திருகைப் பாரு" என்றார். திருகை முழுக்கத் தளர்த்தியாகிவிட்டது, அதற்கு மேல் சுற்ற இடமில்லை. முடி இன்னும் விறைத்துக்கொண்டே நிற்கிறது. குச்சியின் வளைவு நிமிரப் பார்க்கிறது. அவர் கோபப்படவில்லை. அது அவர் அப்பா வாசித்த வில். "ராத்திரி பூரா இப்படியே பெட்டியில இருந்தா குச்சி போயிடும்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த பத்து நிமிஷத்தில் மற்ற மூன்றும் வந்தன.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன் ஒரு துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து, ஆப்பை நெம்பும் உளியை என் கையில் கொடுத்தார். "நாலையும் பிரி. புது முடி இங்கேயே கொஞ்ச நேரம் தொங்கட்டும். இந்தக் காத்து என்னன்னு அது தெரிஞ்சுக்கட்டும், அப்புறம் கட்டு" என்றார். கட்டுகளை நாற்காலி முதுகில் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி போய்க்கொண்டிருந்தது. நான் அந்த நாலு கட்டையும் பார்த்துக்கொண்டே கேட்டேன். நான் செய்த தப்பு ஒரு மனுஷரின் அப்பாவுடைய வில்லை உடைத்திருக்கும். கை நடுங்கியது. முடிச்சுப் போடும்போது அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது: பூவைப் பார்க்காதே, நாரைப் பார். நூலை மட்டும் பார்த்தேன். மூன்று மணிக்கு நாலும் முடிந்தன. அந்தப் பெரியவர் வாங்கி, இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கச்சேரி அன்று எனக்கு அரங்கில் கடைசி வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். முதல் பாதி அந்தப் பெண்ணுடையது. துள்ளல் வந்த இடத்தில் நான் மூச்சை விடவே இல்லை. வில் அவள் கையை விட்டுத் தனியாகக் கிளம்பியது போல் இருந்தது. முதல் பகுதி முடிந்ததும் கைதட்டல் எழாதபடி ஒரு பாசூன் மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதிலிருந்தே இரண்டாம் பகுதி பிறந்தது. மூன்றாம் பகுதியில் எல்லாம் லேசாகி, பறக்கிற மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் என் காதருகே, "இங்கேயே அடுத்த நாடகம் ஆரம்பிச்சுடும், பாரு" என்றார். ஆம், இடைவேளைக்குப் பிறகு வரப்போகும் தேவதைகள் ஏற்கெனவே அந்த வயலினில் வந்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும். அந்த நாடகத்துக்கான முன்னிசையை மெண்டெல்சன் 1826-ல் எழுதும்போது அவருக்குப் பதினேழு வயது. என்னைவிட ஐந்து வயது சின்னவர். மற்ற பாகங்களை 1842-ல்தான் எழுதினார். அடுத்த வருஷம் பாட்ஸ்டாமில் நாடகத்தோடு மேடையேறியது. நம் ஊர் சர்ச் கல்யாணங்களில் மணமக்கள் வெளியே வரும்போது கீபோர்டில் வாசிப்பார்களே, அந்தக் கல்யாண நடை அதில்தான் இருக்கிறது. அரங்கில் அது வந்ததும் எனக்கு முன்னால் இருந்த குடும்பம் முழுக்கச் சிரித்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் எனக்கு முன்னிசையின் தொடக்கம்தான். குழல் வாத்தியங்கள் மட்டும் நாலு முறை மெதுவாக ஒலிக்கின்றன. ஒவ்வொரு முறையும் இன்னும் சில வாத்தியங்கள் கூடுகின்றன. கதவு ஒன்று திறப்பது போல. அதன் பிறகு வயலின்கள் நாலு பிரிவாகப் பிரிந்து, கேட்குமா கேட்காதா என்ற அளவில், பொடிப்பொடியாக ஓட ஆரம்பிக்கின்றன. பதினெட்டு வில்லும் முடியின் ஓரத்தை மட்டும் தந்தியில் தொட்டுத் தொட்டு எடுக்கின்றன. ஒரு வில் சீறினாலும் போதும், அந்தத் தேவதைகளின் காடு கலைந்துவிடும். நான் கட்டிய வில் எவை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வரிசையில் மூன்றாவது, நாலாவது, அந்தப் பெரியவருடையது, இன்னும் சில. அவற்றைக் காதால் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எங்கே தேடினாலும் ஒரே சரசரப்பு.

அப்போது எனக்கு அம்மாவின் ஊர் ஞாபகம் வந்தது. செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பத்து ராத்திரி கூத்து நடக்கும். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நிற்பது தெரியும், கிரீடத்தின் மேல்முனை மட்டும் மின்னும், முகம் தெரியாது. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே பாட்டி சொல்லிவிடுவாள்: "துரியோதனன் வர்றான்" என்று. திரை விலகுவதற்கு முன்னாலேயே நாங்கள் பயந்துவிடுவோம். நாடக இசை என்றால் எனக்கு அது. வருகிறவர் யார் என்று முதலில் காதுக்குச் சொல்வது. மெண்டெல்சனின் மேடையில் அன்று நடிகர் ஒருவர்கூட இல்லை, திரையும் இல்லை. ஆனாலும் தேவதைகள் வந்தார்கள், வேட்டைக்கொம்பு வந்தது, கழுதைத் தலை மாட்டிக்கொண்ட நெசவாளி வந்தான். அவன் கழுதையாகக் கத்துவதை வயலின்களே கத்திக் காட்டின. அந்தக் கத்தலுக்கு வில்லைத் தந்தியில் அழுத்தி மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். ஒரு நிமிஷம் முன்னால் சருகு போல இருந்த அதே முடி. எங்கள் ஊர்க் கூத்தின் கட்டியங்காரன் பார்த்திருந்தால் அங்கேயே அந்த நெசவாளியோடு பேச்சுக்கொடுக்க ஆரம்பித்திருப்பான்.

அந்தக் கத்தலுக்கும் அந்தச் சரசரப்புக்கும் சேர்த்துத்தான் நான் முடிச்சுப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையில் கட்டும்போது இது தெரியவில்லை. அங்கே எனக்குத் தெரிந்தது நீளமும் அகலமும் மட்டும்தான்.

கச்சேரி முடிந்து எல்லாரும் வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமாகப் போய்த் திருகு எவ்வளவு சுற்றுகிறது என்று கேட்டேன். சிலர் ஒன்றரைச் சுற்று என்றார்கள், சிலர் இரண்டு. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பூந்தமல்லிவரை ஷேர் ஆட்டோவில் வந்தோம். வழியில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தூங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தனி வயலின் வாசித்த அந்தப் பெண் வந்தாள். பட்டறையின் மாடிப்படி அவளுக்குப் புதிது, குனிந்து ஏறி வந்தாள். ஊருக்குத் திரும்பும் முன் வில்லைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள். மாஸ்டர் அதை வாங்கி, பெட்டியைத் திறக்காமலே என்னிடம் நீட்டினார்.

"எத்தனை முடி போயிருக்குன்னு சொல்லு."

ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். ஃப்ராக் பக்கத்தில் அறுந்த நுனிகள் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன். பதினாலு. அதில் பன்னிரண்டு ஒரே ஓரத்தில், வில்லைச் சாய்க்கும்போது தந்தியில் படுகிற ஓரத்தில். அந்தப் பக்கம் மெலிந்ததால் மற்ற பக்கம் குச்சியை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது ஒரு நூலளவு சாய்வு தெரிந்தது.

"அந்த ஓரத்துல ரெண்டு மூணு முடி கூட வச்சுக் கட்டணும் மாஸ்டர்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. முடிக் கட்டு வைத்திருக்கும் மர அலமாரியைத் திறந்து, நல்ல கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார். அந்தப் பெண் என் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஏரி எத்தனை அடி என்று போனில் பார்த்துவிட்டு, தலைக்குழியின் ஆப்பை நெம்ப ஆரம்பித்தேன்.